ஒரு சாக்கு மண்புழுவும் ஒன்பது வருஷத் தகராறும்

விழுப்புரம் சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கியபோது என் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் நடந்த வழியெல்லாம் பிளாட்பாரத்தில் கோடு இழுத்த மாதிரி ஈரம். பின்னால் வந்த போர்ட்டர் ஒருவர், "மீனா சார்? ஐஸ் கரைஞ்சி போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தேன். புது ஆட்களிடம் விளக்கம் சொல்ல எனக்கு வராது. பாதி சொல்வதற்குள் காது சூடாகிவிடும். தலையாட்டுவது சுலபம்.

சாக்கில் இருந்தது மீன் இல்லை, மண்புழு. மக்கிய சாணத்தோடு சேர்த்து எட்டு கிலோ.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, இரண்டு மாடு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட சிமெண்டுத் தொட்டிகளில் புழு வளர்த்து உரம் எடுக்கிறேன். வாழை நன்றாக வந்தது. அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு மண்புழுவில் பெரிய ஆள் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

என் தங்கை தனம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில், மயிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரான ஏழுமலையைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாமனார் இறந்து பாகம் பிரிந்த பிறகு இருவரும் ஊருக்கே வந்து விவசாயம் பார்த்தார்கள். இரண்டு காணி நிலம். எங்கள் கணக்கில் இரண்டரை ஏக்கருக்கு மேல். அந்த ஆவணியில் ஒருநாள் போனில் அழுதாள்.

"அண்ணே, பூமி செத்துப்போச்சுண்ணே. மழை பெஞ்சா தண்ணி இறங்க மாட்டேங்குது. ரெண்டு போகமா கடலையில ஒண்ணுமில்ல. செங்கல் சூளைக்காரங்க மேல்மண்ணக் கேக்குறாங்க. மூணடி ஆழத்துக்கு அள்ளிட்டுப் போயிருவாங்களாம். திங்கக்கிழமை வாராங்க. மண்ணு போயிட்டா அப்புறம் திருப்பூருதான்."

ஏழுமலை மாப்பிள்ளை ஒரே ஒரு தவணை கொடுத்திருந்தார். அண்ணனின் புழு நிலத்தில் தங்கினால் இன்னும் ஒரு போகம் பார்க்கலாம். தங்கவில்லை என்றால் மண்ணைக் கொடுத்துவிடலாம். இதைக் கேட்டதும் ஒரு தொட்டியை அப்படியே சாக்கில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விழுப்புரத்தில் இறங்கியது வியாழக்கிழமை.

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலும் என் சுபாவம்தான் வேலை செய்தது. கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் போகவேண்டும் என்று தனம் சொல்லியிருந்தாள். இந்த வண்டி அங்கே நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறியிருக்கலாம். கேட்கவில்லை. டிக்கெட் போட வந்த கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கூட்டேரிப்பட்டா? இது எக்ஸ்பிரஸ்சுங்க. திண்டிவனம்தான். ஏறும்போதே கேக்கறதில்லையா? சாக்குல இன்னா?"

"உரம்."

"உரம் ஏன் ஒழுவுது?"

சாக்கைக் காலுக்குள் இழுத்துக்கொண்டேன். அவரே அலுத்துப்போய் லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

எனக்கு முன்சீட்டில் நடுத்தர வயதுப் பெண்கள் இரண்டு பேர். தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு நன்றாகவே புரியும்.

"நாத்தம் தாங்கல. எதையோ அழுக வச்சு எடுத்துட்டுப் போறான்."

"திரும்பிப் பாக்காத. முழியே சரியில்ல. செத்ததுதான் ஏதோ உள்ள இருக்குது."

"போலீசுல சொல்லலாமா?"

"நமக்கு எதுக்கு வம்பு, திண்டிவனத்துல எறங்கிருவோம்."

நாலுவழிச் சாலை அப்போதுதான் முடிந்திருந்தது. வண்டி பறந்தது. கூட்டேரிப்பட்டு வலதுபுறம் வந்து பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரமும் தெலுங்கில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன். திண்டிவனத்தில் இறங்கும்போது அவர்களிடம் சொல்லிவிட்டேன். "செத்தது இல்லம்மா. எல்லாம் உயிரோடதான் இருக்குது." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் மத்தியான வெயில். சாக்கைத் தொட்டால் சுட்டது. புழுவுக்கு வெக்கை ஆகாது. நிழல் தேடி, வேகவைத்த கடலை விற்கும் ஓர் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே கடலைக்கு மல்லாட்டை என்று பெயர்.

"இன்னாங்க, மல்லாட்டை வேணுமா?"

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? சாக்குல தெளிக்கணும்."

"சாக்குக்குத் தாகமா?"

இந்தமுறை பொய் சொல்லவில்லை. மண்புழு என்றேன். அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஐயையோ, ஜனங்க துண்ற பண்டம் வச்சிருக்கிற எடத்துல கொண்டாந்து வச்சிக்கினு நிக்கிறியே! அந்தாண்ட போ சாமி!" என்று சத்தம் போட்டவர், அடுத்த நிமிஷம் தன் குடத்தைச் சாய்த்து இரண்டு செம்பு தண்ணீரைச் சாக்கின் மேல் அவரே ஊற்றினார். "இன்னா இருந்தாலும் உசுரு. பத்திரமா கொண்டுபோ" என்று ஒரு பொட்டலமும் கொடுத்தார். சூடான கடலை. உப்பு ஓட்டுக்குள்வரை இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் வறுத்துத்தான் தின்போம். வேகவைத்ததற்கு இவ்வளவு ருசி உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, வந்த வழியிலேயே திரும்பிப் போய், சாயந்தரம் தனத்தின் வீட்டு வாசலில் சாக்கை இறக்கினேன்.

"எட்டு மாசக் கொழந்தைய தூக்கியாற மாதிரி தூக்கியாறாரு பாரு" என்று சிரித்தார் ஏழுமலை. கலகலப்பான மனுஷன். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மறுநாள் காலையில் கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும். கேப்பைக்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே பெயர். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். குடித்துவிட்டு நிலத்துக்குப் போனோம்.

சிவப்பு மண். பார்க்க அழகாக இருந்தது. நான்கு விரல் ஆழத்துக்கு மாவு மாதிரி பொலபொலவென்று, ஒரு கட்டி கிடையாது. ரோட்டவேட்டர் அடித்த நிலம். டிராக்டருக்குப் பின்னால் கத்திகள் சுழன்று மண்ணை அரைத்துக்கொண்டே போகும் கருவி அது. ஒவ்வொரு போகத்துக்கும் மூன்று முறை அடிப்பதாக ஏழுமலை சொன்னார். அந்த மாவைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். அடியில் தரை ஓடு பாவியது போல இறுகிக் கிடந்தது. விரல் இறங்கவில்லை. ஒரு சருகு இல்லை, ஒரு எறும்பு வளை இல்லை.

தொட்டிப் புழுவைத் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். திறந்த நிலத்தில் விட்டதே இல்லை. பயிற்சி வகுப்புக்கு ஒருநாள் போயிருந்தபோது, இதை நிலத்தில் விடலாமா என்று கேட்க நினைத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே வந்துவிட்டேன்.

சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் உழவுச் சால் இழுத்து, கைப்பிடி சாணத்தோடு புழுவை வைத்து, மண் மூடி, தண்ணீர் தெளித்தோம். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ஏழுமல, இன்னா நடற?"

"புழு."

"எத்தினி நாள்ல அறுப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். தனம் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிடியையும் விதை வைப்பதுபோல வைத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தபோது நிலம் முழுக்க மைனா. இருபது முப்பது இருக்கும். காக்கைகள் தனி. அவை விட்டுவைத்ததைக் கட்டெறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. ஈரம் தேடி மேலே வந்த புழுக்கள் அந்தச் சிவப்பு மாவில் புரண்டு, காய்ந்த நூல்போல ஒட்டிக் கிடந்தன. கீழே போக அவற்றுக்கு வழி இல்லை. தின்ன ஒரு சருகும் இல்லை. ஒரு மணி நேரம் தோண்டிப் பார்த்தேன். உயிரோடு கிடைத்தவை ஒரு கைகூட நிறையாது.

ஏழுமலை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வுடு மச்சான். உன்னால ஆனத நீ பண்ண. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிச் சாக்கை உதறி மடித்தாள்.

அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி மயிலம் மலைக்குப் போனேன். சின்ன மலைதான். முருகனைப் பார்த்துவிட்டு, மதில் ஓரமாக நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சுற்றி எவ்வளவு தூரம்! ஏரிகள், பனைகள், சிவப்புக் கட்டம் கட்டமாக நிலங்கள். நடுநடுவே பெரிய பெரிய பள்ளங்கள். மண் அள்ளிய நிலங்கள் அவை. சிலவற்றில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. சிலவற்றில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓரத்தில் சூளைகள். தங்கையின் நிலத்துக்கு இந்தப் பள்ளங்களில் எது பக்கத்தில் என்று தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. இடி, காற்று, பிறகு கொட்டித் தீர்த்தது. எங்கள் ஊரில் மலையிலிருந்து சாரலாக வரும். இங்கே வாளியைக் கவிழ்த்த மாதிரி. மண்டபத்தில் ஒதுங்கி நின்றும் முழுக்க நனைந்துதான் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, யார் கண்ணிலும் படாமல் நிலத்துப் பக்கம் நடந்தேன். நிலத்தில் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. பன்னிரண்டு மணி நேரமாகியும் இறங்கவில்லை. அடுத்த நிலமும் அப்படியே. அது ஏழுமலையின் அண்ணன் கோதண்டத்தின் நிலம். இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு பட்டை, நான்கு முழ அகலம், ரோட்டிலிருந்து கிணறுவரை, தண்ணீர் இல்லாமல் பச்சையாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதை வரப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

அதன்மேல் ஏறினேன். கால் மெத்தென்று இறங்கியது. புல்லுக்கு இடையில் மண் உருண்டைகள், இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல, குவியல் குவியலாக. அது என்னவென்று எனக்குத் தெரியாதா? புழு தின்று வெளியே தள்ளிய மண். உட்கார்ந்து கையால் தோண்டினேன். கை மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே பழுப்பு நிறத்தில் தடித்த மண்புழுக்கள். என் தொட்டிப் புழுபோலத் துள்ளவில்லை. மெதுவாக, அவசரமில்லாமல் வளைக்குள் போயின. ஒரு மரவட்டை சுருண்டது. ஒரு பிள்ளைப்பூச்சி கையை உந்திக்கொண்டு ஓடியது. வெல்வெட் துணியில் செய்தாற்போல் சிவப்புச் சிவப்பாகப் பட்டுப்பூச்சிகள். சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வைப்போமே, அதே பூச்சி. பார்த்து எத்தனை வருஷமாகிறது!

வீட்டுக்கு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பட்டையில ஏன் உழவு இல்ல?" என்று தனத்திடம் கேட்டேன்.

"அதா? அது தகராறு இடம்ண்ணே. பாகம் பிரிச்சப்ப, அளந்த கயிறு ஒருவாட்டி இங்கிட்டு வந்துச்சு, இன்னொருவாட்டி அங்கிட்டுப் போச்சு. இவரும் தனதுங்கிறாரு, அவரும் தனதுங்கிறாரு. ஒன்பது வருஷமா பேச்சுவார்த்த இல்ல. ஒரு ஆடு மேஞ்சாலும் சண்டை. டிராக்டர்காரரே பயந்துக்கிட்டு அந்த இடம் வந்தா கத்தியத் தூக்கிருவாரு."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு குடத்தை எடுத்தாள்.

நாங்கள் நிலத்துக்குப் போனபோது ஏழுமலையும் கூட வந்தார், இதெல்லாம் எதற்கு என்ற முகத்தோடு. மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்காத ஓரிடத்தில் தனம் ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் சிவப்பாக வழிந்து ஓடியது. அடுத்த குடத்தைத் தகராறு வரப்பில் கவிழ்த்தாள். குடத்தை நிமிர்த்துவதற்குள் மண் குடித்துவிட்டது.

"யாருய்யா அது, என் வரப்புல குழி நோண்டனது?"

கோதண்டம். வாயில் வேப்பங்குச்சி, தோளில் துண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக வந்து, பட்டையின் விளிம்பில் கோடு போட்டதுபோல நின்றார்.

"நாந்தாங்க. கையாலதான் தோண்டுனேன்" என்றேன்.

"நீங்க யாரு? ஓ, புழு நட வந்தவரா? உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, அடுத்தவன் எடத்துல கை வைக்கக் கூடாதுன்னு."

மாப்பிள்ளை மூன்றடி தள்ளித்தான் நின்றார். அவரும் என்னைப் பார்த்துச் சொன்னார். "மச்சான், அவுருகிட்ட கேளு, இது யாரு எடம்னு."

அவர்கள் ஒன்பது வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம், நடுவில் யாராவது ஓர் ஆளை நிறுத்தி. அன்று அந்த ஆள் நான். முதலில் இரண்டு பேர் சொன்னதையும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னேன். பிறகு அவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவருக்கொருவர் பதில் சொன்னார்கள்.

"புழு இருக்குதே, அது யாரால? நான் ஏர் வுடாம காப்பாத்தி வச்சதால."

"நீ வச்சியா... மச்சான், அவுருகிட்ட சொல்லு, நான் வுட்டு வச்சதாலதான் இருக்குது. நான் டிராக்டர வுட்டிருந்தா அவுரு இன்னா பண்ணிக்கினு இருந்திருப்பாரு?"

"வுட்டுப் பாக்கச் சொல்லுங்க! டிராக்டர் வூடு போய்ச் சேர்ந்திருக்காது!"

தனம் வாயை மூடிச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் ஓய்ந்தபோது கோதண்டம் குனிந்து குழியைப் பார்த்தார். ஒரு புழுவைத் தொட்டார். வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு, குரலை இறக்கி என்னிடம் சொன்னார். "உங்க தங்கச்சிய என் பக்கமும் ஒரு கொடம் ஊத்தச் சொல்லுங்க." ஊற்றினாள். அங்கேயும் வழிந்து ஓடியது. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. மரக்காணம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் அம்மாவிடம் வாங்கியது. காரம் மண்டைக்கு ஏறியது. அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சை அன்று பேசினேன்.

"மாப்பிள்ள, நான் கொண்டுவந்தது தொட்டிப் புழு. அதுக்குச் சாணம் வேணும், நிழல் வேணும். பயிற்சியில கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. வெக்கப்பட்டுக் கேக்கல. தப்பு என்னுது. ஆனா உங்க புழு உங்க ஊர்லயே இருக்குது. யாரும் கொண்டுவர வேண்டாம். அரைக்காம விட்டாப் போதும். ஒரே ஆழத்துல அடிச்சு அடிச்சு அடிமண்ணு கட்டிப்போச்சு. மேல இருந்த புழுவைக் கத்தி வெட்டுச்சு, மிச்சத்தை வெயிலும் பூச்சிக்குப் போட்ட குருணை மருந்தும் கொன்னுச்சு. பக்கத்துலயே ஒன்பது வருஷமா விட்ட மண்ணு எப்படி இருக்குதுன்னு இன்னைக்குப் பாத்தீங்க."

ஏழுமலை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். நிதானமாகப் பதில் சொன்னார்.

"நீ சொல்றது எனக்குப் புரியுது மச்சான். ஆனா ரோட்டவேட்டர் வுடலன்னா கோரைய யாரு புடுங்கறது? ஆள் எங்க கெடைக்குது?"

"சும்மா விடச் சொல்லல. விதை போடுற சால் மட்டும் கீறிக்கலாம். நடுவுல கடலைக்கொடியையும் சருகையும் மூடிப் போட்டா களை குறையும்."

"கொறையும். போவாது."

"போகாது" என்று ஒத்துக்கொண்டேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "இப்ப அதுகூட இல்ல பிரச்சன. நேத்து புழு செத்ததும் வாக்கு குடுத்துட்டேன். நாளைக்குக் காலையில வண்டி வருது. நாலு பேரு எதிர்ல பேசினது. இப்ப போய் வேணாம்னா ஊர்ல இன்னா சொல்வாங்க, புழுவப் பாத்துட்டு மனசு மாறிட்டான்னு சொல்வாங்களா?"

தனம் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஊருக்குக் கிளம்பும் என் துணியா, திருப்பூருக்குப் போகும் அவள் துணியா என்று கேட்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது. பின்னால் இரண்டு டிப்பர் லாரி. ரோட்டிலிருந்து நிலத்துக்குள் இறங்க ஒரே ஒரு இடம்தான் சரிவாக இருந்தது. அது அந்தத் தகராறு வரப்பின் முனை. ஜேசிபி திரும்பியபோது அங்கே கோதண்டம் நின்றுகொண்டிருந்தார், குளித்து, வெள்ளை வேட்டி கட்டி.

"ஓரமா போ பெரியவரே" என்றார் டிரைவர்.

"எங்க போறது? இது என் எடம். என் வரப்பு மேல சக்கரம் ஏறக்கூடாது."

"இன்னாய்யா இது காலங்காத்தால பேஜாரு? நெலத்துக்காரரு யாரு? ஜல்தி முடிங்கப்பா, அடுத்த எடத்துக்குப் போவணும்."

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். சூளைக்காரரின் ஆள், "சொல்லுப்பா, அது உன் எடம்தான? இத்தினி வருஷமா உன்னுதுன்னுதான சொல்லிக்கினு இருக்கே?" என்றார். ஊருக்கே தெரிந்த வாக்கியம் அது. அதை இன்னொரு முறை சொன்னால் போதும். நான்கு பேர் கோதண்டத்தை ஓரமாகக் கூட்டிப் போய்விடுவார்கள், வண்டி இறங்கிவிடும்.

தனம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை நிலத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். நடுவில் என்னைத் தேடவில்லை.

"அவுரு எடம்தான்" என்றார். "அவுரு வேணாம்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது? வண்டியத் திருப்பிக்க."

அதிகம் திகைத்துப் போனது கோதண்டம்தான். சண்டைக்குத் தயாராக வந்தவர். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். லாரிகள் பின்னால் நகரத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"மொத்தமும் என்னுதுன்னு இப்ப யாருடா சொன்னது?" என்றார். நேராகத் தம்பியைப் பார்த்து.

அன்று மத்தியானம் நான் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் திண்டிவனம் போய், கடலை விற்கும் அம்மாவைத் தேடிப் பிடித்தேன். "இன்னா, புழு சௌக்கியமா?" என்று கேட்டார். எல்லாம் செத்துப்போயிற்று, ஆனால் சௌக்கியம் என்றேன். குழம்பிப்போய், ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போட்டார்.

மார்கழியில் தனம் போன் செய்தாள். ஒரு காணியை மட்டும் ரோட்டவேட்டர் விடாமல், சால் மட்டும் கீறிக் கடலை போட்டிருந்தார்கள். நடுவில் கொடியும் சருகும். கோரை வந்ததாம், அவளும் ஏழுமலையும் உட்கார்ந்து பிடுங்கினார்களாம், முதுகு போய்விட்டதாம். ஆனால் ஐப்பசி மழைத் தண்ணீர் அந்தக் காணியில் ஒரே ராத்திரியில் இறங்கிவிட்டது. அண்ணன்காரரும் தன் பக்கம் நான்கு சால் அளவுக்கு அதேபோல விட்டிருக்கிறார். வரப்பை யாரும் தொடவில்லை.

"அண்ணே, இன்னொண்ணு. வரப்புல இருந்து ரெண்டு முழம் நம்ம நிலத்துக்குள்ள வந்து புழு மண்ணு தள்ளியிருக்குது."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, "அவங்க அண்ணன் பக்கம் எத்தனை முழம்?" என்று கேட்டேன்.

போனில் தூரத்தில் இரண்டு ஆம்பிளைக் குரல்கள் சத்தமாகக் கேட்டன. தனம் சிரித்தாள்.

"அதத்தான் ரெண்டு பேரும் கயித்தப் புடிச்சு அளந்துக்கிட்டு இருக்காங்க."